மீன் உடைகிறது, இறால் ரப்பராகிறது: கடலுணவுச் சமையலில் கோளாறு கண்டு நீக்கும் முறை

கடலுணவு சரியாக அமையாதபோது வீடுகளில் முதலில் பழி சுமப்பது மசாலாதான். மிளகாய்த்தூளை மாற்றுகிறோம், இன்னும் ஒரு கரண்டி மல்லித்தூள் சேர்க்கிறோம், எங்கோ பார்த்த புதிய செய்முறைக்குத் தாவுகிறோம். ஆனால் மீன் உடைவதற்கும், கல்லில் ஒட்டுவதற்கும், இறால் விறைப்பதற்கும் மசாலாவோடு உள்ள தொடர்பு மிகக் குறைவு. ஆட்டிறைச்சியோடு ஒப்பிட்டால் மீன் சதையின் தசை இழைகள் குட்டையானவை. அவற்றைப் பிணைத்து வைக்கும் சவ்வும் குறைவு. அந்தச் சவ்வு, தண்ணீர் கொதிப்பதற்கு வெகு முன்பே, ஏறக்குறைய 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே இளகத் தொடங்கிவிடும். ஆகவே மீன் வேகச் சில நிமிடங்களே போதும்; புளியும் மிளகாயும் மல்லியும் பச்சை வாசனை போக வேக வேண்டிய நேரமோ அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. இவ்விரண்டையும் ஒரே கொதியில் முடிக்க முயல்வதே பெரும்பாலான கோளாறுகளுக்கு மூலம் என்பது என் கணிப்பு. எஞ்சியவற்றில் பாதிக்கு ஈரமும், மீதிக்கு மீனின் பழமையும் காரணம்.

கீழே உள்ள தலைப்புகள் கோளாறு கண்ணுக்கும் நாக்குக்கும் எப்படித் தெரிகிறதோ அப்படியே தரப்பட்டுள்ளன. ஒரு கோளாறுக்குப் பல காரணங்கள் இருக்கக்கூடிய இடங்களில், எளிதில் சோதித்துப் பார்க்கக்கூடியது முதலில் சொல்லப்படுகிறது.

குழம்பில் மீன் உடைந்து, முள் தனியாக மிதக்கிறது

மீனைச் சட்டியில் எப்போது போட்டீர்கள் என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். புளிக்கரைசலை ஊற்றியவுடனே மீனையும் போட்டிருந்தால், மசாலா வேகும்வரை அது கொதியில் கிடந்து புரண்டிருக்கும். வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஒரு அங்குலக் கனமுள்ள வஞ்சிரம், பாறை, கொடுவா போன்ற மீன்களின் துண்டுகளுக்கு மெல்லிய கொதியில் 6 முதல் 8 நிமிடங்கள் போதும். முழுதாகப் போடும் மத்திக்கும் சிறிய அயிலைக்கும் ஏறத்தாழ 5 நிமிடங்கள், நெத்திலிக்கு 2 அல்லது 3 நிமிடங்கள். நேரத்தைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு: இருப்பதிலேயே கனமான துண்டில் நடுமுள்ளை ஒட்டிய இடத்தில் ஒரு பல்குச்சியால் மெல்ல நெம்பிப் பாருங்கள். சதை முள்ளை விடாமல் பிடித்துக்கொண்டு, உள்ளே கண்ணாடி போல் மங்கிய நிறம் தெரிந்தால் இன்னும் வேகவில்லை. அந்த நிறம் முழுவதும் வெள்ளையாகி, சதை லேசான தள்ளலுக்கே அடுக்கடுக்காக விலகினால், அடுப்பை அணைக்க வேண்டிய தருணம் அதுதான்.

சரியான நேரத்தில்தான் போட்டோம், ஆனாலும் உடைகிறது என்றால் அடுத்த சந்தேகம் கரண்டியின்மீது. மீன் போட்ட பின் குழம்பில் கரண்டியை விடவே கூடாது. கைப்பிடித் துணியால் சட்டியின் இரு பக்கமும் பிடித்து மெல்லச் சுழற்றிவிட்டால், மசாலா அடிப்பிடிக்காமலும் துண்டுகள் சிதையாமலும் எல்லாம் ஒன்று சேரும். கரண்டியும் குற்றவாளி இல்லையென்றால் சட்டியைப் பாருங்கள். மண்சட்டி அடுப்பை அணைத்த பிறகும் சில நிமிடங்கள் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். எஃகுப் பாத்திரத்துக்குப் பழகியவர்கள் மண்சட்டிக்கு மாறும்போது முதலில் தடுமாறுவது இங்கேதான். மண்சட்டியில் மீன் முக்கால் பதம் வெந்ததுமே தீயை நிறுத்திவிட வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் மீன் மாவாகக் கரைந்தால், கோளாறு சமையலறைக்கு வெளியே நடந்தது. வீட்டு ஃப்ரீசரில் மெதுவாக உறையும்போது சதைக்குள் பெரிய பனிப்படிகங்கள் உருவாகித் திசுக்களைக் கிழித்துவிடுகின்றன. அந்த மீனை வெந்நீரில் போட்டு அவசரமாக உருக்கினால் மிச்சமிருக்கும் உறுதியும் போய்விடும். முந்தைய இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி வைப்பதே சரியான வழி. அவசரமென்றால் நீர் புகாத பையோடு குளிர்ந்த நீரில் அமிழ்த்தி வைக்கலாம். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், அந்த மாதங்களில் சந்தைக்கு வரும் பெரிய மீன்களில் வெளி மாநிலத்திலிருந்து வந்தவையும் பதப்படுத்தி வைத்தவையும் அதிகம். துண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி உடனே மேலெழாமல் அப்படியே நின்றால், அந்த மீனைக் குழம்புக்கு எடுக்காமல் வறுவலுக்கோ புட்டுக்கோ எடுத்துக்கொள்வது நல்லது. குழம்பிலேயே போட்டாக வேண்டுமென்றால், உப்பும் மஞ்சள்தூளும் தடவிக் கால்மணி நேரம் வைத்து, வெளிவரும் நீரை வடித்துவிட்டுப் போடுங்கள். உப்பு மேற்பரப்பைச் சற்று இறுக்கிக் கொடுக்கும்.

இப்போது அடுப்பில் உடைந்துகொண்டிருக்கும் குழம்பைக் காப்பாற்ற ஒரே வழி, அணைத்துவிட்டு இருபது நிமிடங்கள் தொடாமல் விடுவதுதான். ஆறும்போது சதை சற்று இறுகும். பிறகு தோசைத் திருப்பியைத் துண்டுக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் பரிமாறலாம். முழுவதும் கரைந்துவிட்டிருந்தால் பெரிய கண் வடிகட்டியில் முள்ளை நீக்கி, இட்லி தோசைக்கு ஊற்றிக்கொள்ளுங்கள். அந்தச் சாற்றின் சுவையில் குறையிருக்காது.

மீன் வெந்துவிட்டது, ஆனால் குழம்பு நீர்த்து, பச்சை வாசனை அடிக்கிறது

இது முந்தைய கோளாறின் மறுபக்கம். மீன் உடைந்துவிடுமோ என்ற பயத்தில் குழம்பை முழுதாகக் கொதிக்க விடாமல் மீனைப் போட்டிருப்பீர்கள். இதற்குத் தீர்வு உண்டு: துண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, குழம்பை மட்டும் நல்ல தீயில் 10 முதல் 15 நிமிடங்கள் கொதிக்க விடுங்கள். ஓரங்களில் எண்ணெய் பிரிந்து வந்து, குமிழிகள் சிறு வெடிப்பாக இல்லாமல் கனத்து மெதுவாக வெடிக்கும்போது மசாலா வெந்துவிட்டது என்று கொள்ளலாம். பிறகு மீனைத் திருப்பிப் போட்டு ஒரே ஒரு கொதி. அரிசி மாவைக் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கும் வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். குழம்பு கெட்டியாகும், பச்சை வாசனை அப்படியே இருக்கும்.

தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பு திரிந்துபோனால், முதல் பாலைக் கொதிக்கும் குழம்பில் ஊற்றியதே காரணம். இரண்டாம் பாலில் மசாலாவை வேகவைத்து, மீன் வெந்த பின் தீயைத் தணித்து முதல் பாலை ஊற்றி, கொதி வரும் முன் இறக்கிவிட வேண்டும். திரிந்தது உடம்புக்குக் கெடுதல் அல்ல, பார்வைக்குத்தான் குறை.

வறுக்கும்போது கல்லில் ஒட்டி, மசாலா மட்டும் கல்லோடு நின்றுவிடுகிறது

இதில் முதன்மையான காரணம் ஈரம். கழுவிய துண்டுகளை நீர் வடிய விடாமல் மசாலா தடவினால், அந்த நீர் கல்லில் படும்போது ஆவியாகி, கல்லின் சூட்டைக் குறைத்து, மீன் வறுபடுவதற்குப் பதிலாக வெந்துகொண்டிருக்கும். அந்த நிலையில் சதையிலுள்ள புரதம் இரும்பைப் பற்றிக்கொள்கிறது. சுத்தமான பருத்தித் துணியால் துண்டுகளை ஒற்றி எடுத்த பின்னரே மசாலா தடவுங்கள். மசாலாவை ஊற்றுமளவுக்குக் கரைக்காமல், இட்லி மாவைவிடக் கெட்டியாக, எலுமிச்சைச் சாறும் இரண்டு கரண்டித் தண்ணீரும் மட்டும் விட்டுக் குழைக்க வேண்டும்; அரைக் கிலோ மீனுக்கு ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவு சேர்த்தால் பிடிப்பு வரும். தடவிய பின் அரைமணி நேரம் ஊறினால் போதும். எலுமிச்சைச் சாறோடு இரவு முழுவதும் ஊறவைத்தால் அமிலம் மேற்பரப்பை வெளுக்கச் செய்து பொடபொடவென்று ஆக்கிவிடும். அதுவும் உதிர்வதற்கு ஒரு காரணம்.

அடுத்தது கல்லின் சூடு. எண்ணெயில் ஒரு கறிவேப்பிலையைப் போட்டால் உடனே படபடக்க வேண்டும். மீனை வைத்த பின் தீயை நடுத்தரத்துக்குக் குறைத்து, குறைந்தது மூன்று நான்கு நிமிடங்களுக்கு அதைத் தொடாமல் இருப்பதுதான் பலருக்குக் கடினமான பகுதி. கவனித்துப் பார்த்தால், தொடக்கத்தில் சத்தமாகப் பொரியும் எண்ணெய் மெல்ல அடங்கும். துண்டின் பக்கவாட்டில் வெள்ளை நிறம் கீழிருந்து மேலேறி, கனத்தில் பாதியைத் தாண்டும். அடிவிளிம்பில் மசாலா செம்பழுப்பாக ஓரம் கட்டும். அப்போது திருப்பியை நுழைத்தால் துண்டு தானாகக் கழன்று வரும். இழுத்தும் வரவில்லையென்றால் வற்புறுத்தாமல் இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள். கல் நிறையத் துண்டுகளை அடுக்குவதும் சூட்டைக் குறைக்கும்; இரண்டு ஈடாகப் போடுவது நல்லது.

வெளியே கருகி உள்ளே வேகாமல் இருந்தால், துண்டு கனமாக உள்ளது அல்லது தீ அதிகம். வறுவலுக்கு ஒன்றரைச் சென்டிமீட்டருக்கு மேல் கனம் வேண்டாம். கருகத் தொடங்கிவிட்ட துண்டுகளை, தீயைக் குறைத்து, மூடி போட்டு இரண்டு நிமிடம் வைத்தால் உள்ளே வெந்துவிடும். மொறுமொறுப்பு சற்றுக் குறையும்.

எவ்வளவு கழுவியும் கவிச்சி போகவில்லை

எந்த வகை வாடை என்று பிரித்துப் பார்க்காமல் இதைத் தீர்க்க முடியாது. கடல்மீனின் சதையில் இயல்பாக உள்ள, மணமற்ற ஒரு பொருளை, மீன் இறந்தபின் பாக்டீரியாக்கள் டிரைமெத்திலமைன் என்ற பொருளாக மாற்றுகின்றன. நாம் கவிச்சி என்பது பெரும்பாலும் அதைத்தான். அது அமிலத்தோடு சேர்ந்தால் ஆவியாகாத உப்பாக மாறி, மூக்குக்கு எட்டாமல் நின்றுவிடும். மீனுக்குப் புளியும், எலுமிச்சையும், குடம்புளியும் துணையாக வந்ததில் சுவையோடு இந்தக் காரணமும் அடங்கியிருக்கிறது. எனவே கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசிக் கழுவிய பின், கடைசித் தண்ணீரில் சிறிது புளிக்கரைசலோ மோரோ சேர்த்து இரண்டு நிமிடம் வைத்து அலசினால் லேசான கவிச்சி அடங்கிவிடும். அதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள்: நடுமுள்ளை ஒட்டி உறைந்திருக்கும் இரத்தம், வயிற்றின் உட்புறம் உள்ள கறுப்புச் சவ்வு, தலையில் ஒட்டியிருக்கும் செவுள். இவை நீங்காமல் எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. மறுபுறம், துண்டுகளை நீண்ட நேரம் தண்ணீரில் ஊறப்போடுவது ருசியையும் சேர்த்துக் கழுவிவிடும்.

கட்லா, ரோகு, ஜிலேபி போன்ற நன்னீர் மீன்களில் வரும் மண்வாடை வேறு வகை. குளத்துப் பாசியும் நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் மீனின் தோலிலும் கொழுப்பிலும் சேர்ந்துவிடுகிறது. தோலையும், பக்கவாட்டில் ஓடும் கருஞ்சதையையும் நீக்கி, புளித்தண்ணீரில் சற்று நேரம் வைத்தால் பெருமளவு குறையும்.

சுறாவிலும் திருக்கையிலும் வரும் அம்மோனியா வாடைக்கு அவற்றின் சதையில் இயல்பாக உள்ள யூரியா காரணம். லேசாக இருந்தால் மஞ்சள் சேர்த்த வெந்நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்தலாம். சுறாப்புட்டு உதிரியாக வராமல் சொதசொதவென்று இருப்பதும் இந்த இடத்தில்தான் தீர்கிறது: வெந்த சதையைத் துணியில் கட்டிக் கையால் நன்கு பிழிந்த பின்னரே தாளிப்பில் போட வேண்டும். ஆனால் மூக்கைப் பிடிக்கும் அளவுக்கு அம்மோனியா அடித்தால், அது சுறாவாக இருந்தாலும் வஞ்சிரமாக இருந்தாலும், கழுவிச் சரிசெய்ய முயலாமல் குப்பையில் போட்டுவிடுங்கள்.

குழம்பு கசக்கிறது

வெந்தயம் கறுத்ததா, பூண்டு கருகியதா என்று முதலில் பாருங்கள். தாளிப்புக் கசப்பு குழம்பு முழுவதும் ஒரே சீராக இருக்கும். ஒரு குறிப்பிட்ட துண்டில் மட்டும் கடுமையாகக் கசந்தால், சுத்தம் செய்யும்போது பித்தப்பை உடைந்திருக்கிறது. மத்தி, கிழங்கான் போன்ற சிறிய மீன்களில் இது அடிக்கடி நேரும். சுத்தம் செய்யும்போதே பச்சை கலந்த மஞ்சள் கறை தெரிந்தால் அந்த இடத்தை வெட்டி எறிய வேண்டும். குழம்பில் கலந்த பிறகு துளி வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்து லேசான கசப்பை மறைக்கலாம். பித்தக் கசப்பு முழுதாக மறையாது.

இறால் சுருங்கி ரப்பர் போல் ஆகிவிட்டது

வெந்த இறாலைத் திரும்ப மென்மையாக்க வழியில்லை. அதைப் பொடியாக நறுக்கிக் கடலைப்பருப்பு வடையிலோ முட்டைப் பொரியலிலோ சேர்த்துவிடுவதுதான் நட்டமில்லாத முடிவு. நடுத்தர அளவு இறாலுக்கு மொத்தமாக 3 முதல் 5 நிமிடங்களே தேவை. நிறம் சாம்பலிலிருந்து இளஞ்சிவப்பாகி, உடல் தளர்வாக வளைந்ததும் இறக்கலாம். தலையும் வாலும் ஒன்றையொன்று தொடுமளவு சுருண்டுவிட்டால் பதம் தாண்டிவிட்டது.

தொக்கு செய்வோருக்கு வரும் சிக்கல் வேறு: இறால் போட்டவுடன் நீர் விட்டுக்கொள்ளும், அந்த நீர் வற்றும்வரை வதக்கினால் இறால் விறைத்துவிடும். வெங்காயம், தக்காளி, மசாலா ஆகியவற்றை எண்ணெய் பிரியும்வரை சுருள வதக்கி முடித்த பிறகே இறாலைப் போடுங்கள். அப்படியும் நீர் மிகுந்தால், இறாலை மட்டும் அரித்து எடுத்து வைத்துவிட்டு, மசாலாவைச் சுண்ட வைத்துத் திரும்பச் சேருங்கள்.

விறைப்புக்குப் பதிலாக இறால் மாவுபோலக் குழைந்தால் அது பழைய இறால். தலைப்பகுதியில் உள்ள செரிமான நொதிகள் இறந்தபின் உடலுக்குள் பரவிச் சதையைக் கரைப்பதால், வாங்கியவுடன் தலையைக் கிள்ளிவிடுவது நல்லது. ஓட்டின்மீது தெரியும் கறுப்புப் புள்ளிகள் அழுகலின் அடையாளம் அல்ல, நொதியின் வேலை. ஆயினும் பிடித்து நாளாகிவிட்டது என்பதை அவை காட்டிக்கொடுக்கும்.

கணவாய் மெல்ல முடியவில்லை

ஒன்று, நல்ல தீயில் இரண்டு மூன்று நிமிடங்கள். இல்லையென்றால், சிறு தீயில் நாற்பது நிமிடங்களுக்கு மேல். இடைப்பட்ட நேரத்தில் எடுத்தால் கணவாய் கட்டாயம் இழுக்கும், ஏனெனில் முதலில் சூட்டில் இறுகும் அதன் சவ்வுப் புரதம் நீண்ட நேரம் வெந்த பின்னரே இளகும். ஆகவே இந்தக் கோளாறு இறாலைப் போலக் கைவிட வேண்டியதன்று: விறைத்த கணவாயில் அரை டம்ளர் வெந்நீர் ஊற்றி, மூடி, தீயைக் குறைத்து வைத்தால் அரைமணி நேரத்தில் பல்லுக்குப் பணியும். குக்கரில் வைப்போரும் உண்டு. மென்மை வரும், சாறு நீர்த்துவிடும், எனக்கு அதில் விருப்பமில்லை.

நண்டில் சதையே இல்லை

இது வாங்கும்போது நேர்ந்த தவறு. சமையலில் இதற்கு மருந்து கிடையாது. ஓடு கழற்றிய நண்டு புதிய ஓட்டை நிரப்பும்வரை உள்ளே நீர்தான் இருக்கும். நிலவு நாட்களில் நண்டு தேறாது என்று கடற்கரையில் சொல்வதுண்டு. எந்த நாளாயினும், ஒரே அளவுள்ள இரண்டு நண்டுகளில் கனமானதை எடுப்பதும், அடிவயிற்று ஓட்டை அழுத்தி அது உள்வாங்காமல் இருக்கிறதா என்று பார்ப்பதுமே நம்பத்தக்க சோதனை. சதை இருந்தும் அது கூழாகக் குழைந்திருந்தால், சமைப்பதற்கு நெடுநேரம் முன்பே நண்டு செத்துவிட்டது என்று பொருள். அதைச் சாப்பிட வேண்டாம்.

உப்புக் கரிக்கிறது

உருளைக்கிழங்கு போட்டால் உப்பை உறிஞ்சிவிடும் என்பார்கள். கிழங்கு குழம்பைத்தான் உறிஞ்சுகிறதே தவிர, உப்பை மட்டும் பிரித்தெடுப்பதில்லை. தேங்காய்ப்பாலோ உப்பில்லாத நீர்த்த புளிக்கரைசலோ சேர்த்து அளவைப் பெருக்குவதே வழி. கருவாட்டுக் குழம்பென்றால், கருவாட்டை வெந்நீரில் கால்மணி நேரம் ஊறவைத்து இருமுறை அலசிவிட்டு, குழம்புக்கு உப்பே போடாமல் தொடங்கி, கருவாடு வெந்த பின் ருசி பார்த்துச் சேர்க்க வேண்டும்.

வாயில் வைத்தவுடன் நாக்கு சுறுசுறுவென்கிறது, முகம் சிவக்கிறது

இந்த ஒன்றை மட்டும் சமையல் கோளாறாக எண்ணி ஒதுக்கிவிடக் கூடாது. சூரை, அயிலை, மத்தி, வஞ்சிரம் போன்ற மீன்கள் வெயிலிலோ ஐஸ் இல்லாமலோ சில மணி நேரம் கிடந்தால், பாக்டீரியாக்கள் அவற்றின் சதையில் ஹிஸ்டமினை உருவாக்கிவிடும். மீன் பார்வைக்கும் மணத்துக்கும் நன்றாகவே இருக்கலாம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும், வறுத்தாலும், உறையவைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. மிளகாய்க் காரத்தோடு தொடர்பில்லாத ஒரு மிளகுக் காரம் நாக்கில் தெரிந்தாலோ, சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலைவலி, அரிப்பு, படபடப்பு தோன்றினாலோ, உடனே சாப்பிடுவதை நிறுத்தி மருத்துவரிடம் செல்லுங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். மீதமுள்ள மீனை வீட்டு விலங்குகளுக்கும் போடாதீர்கள்.

இதைத் தடுக்கக் குளிரைத் தவிர வேறு வழியில்லை. சந்தையிலிருந்து வரும்போதே ஐஸ் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்ததும் குடலை நீக்கிக் கழுவி, 4 டிகிரிக்குக் குறைவான குளிரில் வைத்து, அன்றோ மறுநாளோ சமைத்துவிட வேண்டும். மறுநாள் மீன் குழம்பின் ருசியை விரும்புவோரும் குழம்பை இரவு முழுவதும் அடுப்படியில் விடாமல், ஆறியவுடன் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, காலையில் தேவையான அளவை மட்டும் தனியே எடுத்து நன்றாகக் கொதிக்க வைத்துக்கொள்ளட்டும்.